சுவர் வழியாக வீடு திரும்புகிறவர்

எங்கள் தெருவில் ஒரு வதந்தி உலவுகிறது. மூலை மாடி வீட்டு ரீடிங்காரர் கதவு வழியாக வீட்டுக்குள் வருவதில்லையாம். சுவர் வழியாக வருகிறாராம்.

ஆள் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மின்சார மீட்டரில் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று குறித்துக்கொண்டு போகிறவர். ஐம்பதைத் தாண்டிய ஒல்லி மனிதர். இடது தோளில் ஒரு பை, சட்டைப் பையில் டார்ச். பெயரைக் கேட்டுவைக்க யாருக்கும் தோன்றவில்லை. தெருவுக்கு அவர் ரீடிங்காரர். தனிக்கட்டை. கூட ஒரு கிழட்டு நாய். அவர் குடிவருவதற்கு முன்னால் அந்த மாடியில் ஒரு சாவு விழுந்திருக்கிறது. ஒரு வதந்தி தொழில் தொடங்க இதற்கு மேல் என்ன முதலீடு வேண்டும்?

வழக்கமாக வதந்தியைத் தேடிப் போனால், பார்த்தவர் என்று ஒருவரும் கிடைக்கமாட்டார். எல்லோரும் இன்னொருவர் சொல்லிக் கேட்டவர்களாகவே இருப்பார்கள். இதற்கு ஆள் இருந்தார். சந்துக்கு எதிர்ப்புற மாடியில், ஜன்னலோரம் தையல் மிஷின் போட்டிருக்கும் அக்கா. ஊசியில் நூல் கோக்கக் கண்ணாடியைத் தேடுவார். எதிர் வீட்டைப் பார்க்க அவருக்குக் கண்ணாடி தேவைப்பட்டதில்லை.

"நான் எதுக்குத் தம்பி பொய் சொல்லப்போறேன்?" என்றார். "சாயங்காலம் காலர் தைச்சுட்டு நிமிர்றேன். நாய் வெறும் சுவத்தைப் பார்த்து வாலாட்டிட்டு நிக்குது. சுவத்துல ஒரு காலண்டர்கூட இல்ல. நூலைக் கடிச்சுட்டு மறுபடி பார்க்கிறேன், அங்கே அவர் நிக்கிறார். சுவத்தோட முதுகு ஒட்டிக்கிட்டு. தோள்ல பை."

"கதவைத் திறந்து நடந்து வந்திருப்பார் அக்கா."

"கதவு அந்தக் கோடியில இருக்கு. இது இந்தக் கோடி. சுவத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு, சொல்லு. தண்ணிக் குழாயும் காத்தும்தான். ஒருநாள் பார்த்தா கண்ணு கோளாறுன்னு சொல்லலாம். தினமுமா கோளாறு வரும்?"

இந்தச் செய்தி டீக்கடைக்குப் போவதற்குள் சுவரிலிருந்து புகை வந்திருந்தது. முடிதிருத்தும் கடைக்குப் போனபோது, புகைக்குள்ளிருந்து அந்த மாடியில் செத்துப்போன டீச்சரின் மூக்குக்கண்ணாடி எட்டிப் பார்த்தது. இன்னும் இரண்டு கடை தாண்டியிருந்தால் டீச்சரே வந்து தனக்குச் சேர வேண்டிய வாடகை அட்வான்ஸைக் கேட்டிருப்பார். அதற்கு முன்னால் போய்ப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன்.

கதவு ஒரு சாண் திறந்தது.

"பில் அதிகமா வந்திருக்கா சார்? அதுக்கு ஆபீஸ்ல எழுதிக் குடுக்கணும். நான் குறிக்கிறதோட சரி" என்றார்.

அந்தக் கதவைத் தட்டுகிற எல்லோருமே பில் அதிகமாக வந்தவர்கள் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நான் வந்த காரணத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னேன். நீங்கள் சுவர் வழியாக வருவதாகப் பேசிக்கொள்கிறார்கள், சரிபார்க்க வந்தேன். அவர் சிரிக்கவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. மீட்டரைப் பார்ப்பதுபோல என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"செருப்பை வெளியில விட்டுட்டு வாங்க. ஓரமா வாங்க. எதையும் நகர்த்திடாதீங்க."

ஓரமாகத்தான் போக முடிந்தது. அப்படி ஒரு கூடத்தை நான் பார்த்ததில்லை. கட்டில் நடுக்கூடத்தில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தது. சமையலறை வாசலைப் பாதி மறைத்தபடி ஒரு மர நாற்காலி. தண்ணீர் குடிக்கப் போகிறவர் வயிற்றை எக்கிக்கொண்டுதான் போகவேண்டும். அலமாரி சுவரோடு ஒட்டாமல், கோபித்துக்கொண்ட மருமகனைப்போலத் தள்ளி நின்றது. பேய்தான் வந்து சாமான்களை இழுத்துப் போட்டுவிட்டுப் போகிறது என்று யாராவது சொன்னால் நம்பலாம். இழுத்துப் போட்ட பேய் தரையில் சாக்பீஸால் கோடு வேறு போட்டிருந்தது. சாமான்களின் ஒவ்வொரு காலுக்குக் கீழேயும் ஒரு வெள்ளைக் கட்டம்.

கட்டிலுக்குக் கீழேயிருந்து நாய் வந்தது. பழுப்பு நிறம், முகம் மட்டும் நரைத்தது. இரண்டு கண்ணிலும் பால் ஊற்றியதுபோல் வெள்ளை. நாற்காலிக் காலைத் தொடாமல் வளைந்து, அலமாரியை உரசாமல் திரும்பி, நேராக என்னிடம் வந்து காலை முகர்ந்துவிட்டுப் போனது. கண்ணுள்ள நான் அதற்குள் இரண்டு இடத்தில் இடித்துக்கொண்டிருந்தேன்.

"மேடம், இவர் நம்ம தெருதான்" என்றார் ரீடிங்காரர்.

நாயைத்தான் சொன்னார்.

மேடம் வந்த கதை இது. ரீடிங்காரர் வேலையில் ஒரு நாள் முழுக்கப் பேசுகிற வார்த்தைகளை ஒரு கையில் அடக்கிவிடலாம். வாசலில் நின்று "மேடம், ரீடிங்" என்பார், ஆண் குரல் கேட்டால் "சார், ரீடிங்." உள்ளேயிருந்து "மீட்டர் வெளியிலதான் இருக்கு, பார்த்துக்கங்க" என்று பதில் வரும். முகம் வராது. ஊரிலுள்ள எல்லா வீட்டு வாசலும் அவருக்குத் தெரியும். எந்த வீட்டுக் கூடமும் தெரியாது. அவரைப் பார்த்து முழுசாக நாலு வார்த்தை பேசுகிறவை நாய்கள் மட்டும்தான், அதுவும் திட்டித்தான்.

ஒரு வீடு பூட்டிக் கிடந்தது. குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டுப் போயிருந்தார்கள். ஆனால் மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்சமாக, மூச்சு விடுகிற மாதிரி. பூட்டிய வீட்டில் எது ஓடுகிறது என்று காம்பவுண்டுக்குள் எட்டிப் பார்த்தார். பின்வாசலில் ஒரு பல்பு பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே ஒரு நாய். பக்கத்து வீட்டில் விசாரித்தால், அவர்கள் பெரிய அடுக்குமாடிக்குப் போய்விட்டார்களாம், அங்கே நாய் கூடாதாம். இருட்டில் பயப்படுமே என்று விளக்கைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மனசாட்சிக்கு அவர்கள் ஒதுக்கியது ஒரு பல்பு.

பழக்க தோஷத்தில் ரீடிங்காரர் வாசலில் நின்று, "மேடம், ரீடிங்" என்றார். நாய் எழுந்து வந்து கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றது.

"என் வாழ்க்கையில அந்த வார்த்தையைக் கேட்டு எழுந்து வந்தவங்க இவங்க ஒருத்தங்கதான் சார்" என்றார். "அப்புறம் எப்படி விட்டுட்டு வர்றது?"

அழைத்துக்கொண்டு வந்தார். அந்த மாதமே, குடியிருந்த வீட்டுக்காரர் அவரைக் காலி செய்யச் சொன்னார்.

அதற்குப் பிறகு வீடு தேடிய படலத்தை அவர் சொல்லச் சொல்ல, நான் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். ஒரு வீட்டுக்காரர் நாயின் போட்டோ கேட்டார். அனுப்பினார். "முகத்துல களையே இல்லையே" என்று பதில் வந்தது. இன்னொருவர், நாய் இருக்கலாம், குரைக்கக் கூடாது என்றார். மூன்றாமவர் வீட்டிலேயே இரண்டு நாய்கள். "எங்க பசங்களுக்குப் புது ஆளுங்க வந்தா பிடிக்காது" என்று வருத்தப்பட்டார். ஓர் அம்மா மிகுந்த பாசத்தோடு, நாயைத் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் வீட்டுக்குள் வேண்டாம், வெளியே கேட்டருகில், ராத்திரியில், எல்லா வீட்டுக்கும் பொதுவாக என்றார். வாடகையும் கொடுத்துக் காவலுக்கு ஆளும் கொடுக்கிற குடித்தனம் அந்த அம்மாவுக்கு இன்னும் கிடைக்கவில்லை என்று கேள்வி.

அவருக்கு அக்கா ஒருத்தி இருக்கிறாள், வேறு ஊரில். அவள் வீட்டில் ஓர் அறை சும்மாதான் கிடக்கிறது. "நாயை யார்கிட்டயாவது குடுத்துட்டு இங்க வந்து இருடா" என்பாள். மாமாவுக்கு நாய் முடி ஆகாது. எவ்வளவு ஆகாது என்றால், ரீடிங்காரர் போனில் பேசினாலே மாமா அந்தப் பக்கம் தும்முவார்.

கடைசியில் ஒரு தரகர்தான் வழி காட்டினார். "அண்ணே, நான் ஒண்ணு சொல்றேன், கோபப்படாதீங்க. கெட்டது நடந்த வீடு ஒண்ணு கையில இருக்கு. அங்கே உங்களை யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. கேக்குற நிலைமையில அவங்க இல்ல."

தரகரிடம் இதற்கெல்லாம் தனி அளவுகோல் இருந்தது. வயதாகித் தூக்கத்தில் போயிருந்தால் வீட்டுக்காரர் ஆளைப் பார்த்துத்தான் விடுவார். வழுக்கி விழுந்திருந்தால் பூனை வரைக்கும் சம்மதிப்பார். அதற்கு மேல் ஏதாவது நடந்திருந்தால் நாய் என்ன, யானையையே கட்டிக்கொள்ளலாம்.

அன்றிலிருந்து ரீடிங்காரர் இருப்பதெல்லாம் யாரோ இறந்த வீடுகள். அவருக்குப் பயம் இல்லையா என்று கேட்டேன். "உள்ளே இருக்கிறவங்க என்னைப் பார்க்காம இருக்கிறது எனக்குப் புதுசா சார்?" என்று திருப்பிக் கேட்டார்.

ஆனால் அதிலும் ஒரு வினை இருந்தது. அவர் ஒரு வீட்டில் ஒன்றிரண்டு வருஷம் இருப்பார். ஒன்றும் நடக்காது. சாயங்காலம் விளக்கு எரியும், குக்கர் விசில் அடிக்கும், நாய் படியில் இறங்கி ஏறும். பார்க்கிற தெருவுக்குப் பயம் தெளிந்துவிடும். பயம் தெளிந்ததும் வீட்டுக்காரருக்கு நாய் கண்ணில் படும். "முடி கொட்டுதாமே" என்று ஆரம்பிப்பார். அழுக்கு வீடுகளை வெளுத்துக் கொடுக்கிற வேலையை, தனக்கே தெரியாமல், கூலியில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார் ரீடிங்காரர். வெளுத்த வீட்டில் அவருக்கு இடமில்லை.

போன வீட்டில் இருந்தபோதுதான் மேடத்துக்குக் கண் போனது. மெல்ல மெல்ல, விளக்கு அணைகிற மாதிரி. ஆனால் வீடு மனதில் இருந்தது. கட்டிலிலிருந்து தண்ணீர்க் கிண்ணம், கிண்ணத்திலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து வாசல் என்று கண் இல்லாமலே நடந்தது. அந்த நேரம் பார்த்துக் காலி செய்யச் சொன்னார்கள். புது வீட்டில் வந்து இறங்கிய முதல் வாரம் மேடம் சாப்பிடவில்லை. ஒரு மூலையில் போய் மூக்கைச் சுவரில் வைத்துக்கொண்டு நின்றது.

அதனால் ரீடிங்காரர் ஒரு காரியம் செய்தார். போன வீட்டுக் கூடத்தை மனதுக்குள் வைத்து, அடி அடியாகக் காலால் அளந்து, அதே மாதிரி இங்கே சாமான்களைப் போட்டார். இங்கே ஜன்னல் எங்கே, சமையலறை எங்கே என்று பார்க்கவே இல்லை. சாக்பீஸ் கோடு அதற்குத்தான். மேடம் மூக்கால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, வாலை ஆட்டிவிட்டு, கிண்ணத்துக்குப் போய்த் தண்ணீர் குடித்தது.

"எல்லாத்தையும் கொண்டுவந்துட்டேன் சார்" என்றார். "வாசலை மட்டும் கொண்டுவர முடியல."

போன வீட்டில் வாசல் இருந்த பக்கம் இங்கே வெறும் சுவர். சாயங்காலம் அவர் வருகிற நேரத்துக்கு மேடம் எழுந்து, நாற்காலியைத் தாண்டி, அந்தச் சுவருக்கு முன்னால் போய் நிற்கும். அவரோ உண்மையான கதவைத் திறந்துகொண்டு பின்னாலிருந்து வருவார். முதல் தடவை வந்தபோது மேடம் திடுக்கிட்டுத் திரும்பிக் குரைத்ததாம். யாரோ திருடன் என்று நினைத்துவிட்டது. அடையாளம் தெரிந்த பிறகு, குரைத்ததற்கு வெட்கப்பட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டதாம்.

"அவங்க காத்துக்கிட்டிருக்கிற இடம் தப்புன்னு நான் எப்படி சார் சொல்றது?"

சொல்லவில்லை. மறுநாளிலிருந்து கதவைச் சத்தமில்லாமல் திறந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சுவரோரமாகவே பூனைபோல் நடந்து, நாய்க்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடைவெளிக்குள் நுழைந்து, முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு, "மேடம், ரீடிங்" என்பார். வாசல் திறந்து ஆள் வந்தாகிவிட்டது. மேடத்துக்கு நாள் நல்லபடியாக முடிந்தது.

ஆக வதந்தியைச் சரிபார்த்துவிட்டேன். ரீடிங்காரர் சுவர் வழியாகத்தான் வீடு திரும்புகிறார். தையலக்காவின் கண்ணில் கோளாறு எதுவும் இல்லை.

"நான் பேப்பர்ல எழுதுறவன். இதை எழுதிக்கவா?" என்று கேட்டேன்.

"எழுதிக்கங்க. வீட்டுக்காரர் பேப்பர்ல மனை விளம்பரம் மட்டும்தான் பார்ப்பார். ஆனா சும்மா தரமாட்டேன் சார். பதிலுக்கு எனக்கு ஒரு சாயங்காலம் வேணும்."

வேறு ஊரில் இருக்கிற அவருடைய அக்காவுக்குக் கண் ஆபரேஷன். மாமாவுக்கு நடக்க முடியாது. கூட இருக்க ஆள் இல்லை. ரீடிங்காரர் காலையில் கிளம்பினால் மறுநாள்தான் திரும்பமுடியும். நடுவில் ஒரு சாயங்காலம். அந்தச் சாயங்காலம் சுவரோரம் யாராவது நிற்கவேண்டும். ஒருமுறை மழையில் பஸ் நின்றுபோய் அவரால் வரமுடியவில்லை. மேடம் விடியும்வரை கால் நடுங்க அங்கேயே நின்றிருக்கிறது, உட்காரக்கூட இல்லை. அக்காவிடம் இதைச் சொல்லித் தேதியைத் தள்ளிப்போடச் சொன்னபோது அவள் சொன்னாளாம்: "நாய்க்குக் கண்ணு தெரியலைன்னு பக்கத்துலயே நிக்கிறியே. எனக்கும்தான்டா தெரியல."

ஒரு சாயங்காலம் என்ன பெரிய விஷயம், நிற்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

ஆனால் அதற்குள் வீடே கையை விட்டுப் போகிற மாதிரி ஆகிவிட்டது.

வீட்டுக்காரர் பெயிண்ட் கடை வைத்திருக்கிறவர். ஊருக்கெல்லாம் பெயிண்ட் விற்பார். வாடகைக்கு விடுகிற வீட்டுக்கு மட்டும் ஒரு டப்பா திறக்கமாட்டார். அவரே ஒருநாள் கலர் அட்டையோடு மாடி ஏறினால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். ரீடிங்காரர் இருந்ததில் வீட்டின் கெட்ட பெயர் போய்விட்டது, புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி கேட்கிறார்கள், நல்ல இடம், அடுத்த மாதம் காலி செய்துகொள்ளுங்கள் என்று சுற்றிச் சுற்றிச் சொல்லியிருக்கிறார். இவர் ஒன்றே ஒன்று கேட்டாராம். மேடம் இருக்கிறவரைக்கும் விடுங்கள். இன்னொரு வீடு இனி அவங்க தலைக்குள்ள போகாது. வீட்டுக்காரர் யோசித்துவிட்டு, "எப்போ போகும்?" என்று கேட்டிருக்கிறார். கெட்ட எண்ணத்தில் இல்லை. சுண்ணாம்பு அடிக்கிற ஆளுக்குத் தேதி சொல்லவேண்டுமே என்றுதான்.

இந்த இடத்தில் பழைய டீச்சரைப் பற்றி நாலு வரி சொல்லவேண்டும். டைப்பிங் சொல்லிக் கொடுத்தவர். தனியாக இருந்தார். ஒரு பூனை வளர்க்கட்டுமா என்று இதே வீட்டுக்காரரைக் கேட்டார், கூடாது என்றுவிட்டார். அதனால் மாடிப்படிக்கு வெளியே ஒரு பூனைக்குப் பால் வைத்தார். ஒருநாள் குளியலறையில் விழுந்துவிட்டார். பூனை பூட்டிய கதவுக்கு முன்னால் உட்கார்ந்து இரண்டு நாள் விடாமல் கத்தியது. நாங்கள் எல்லோரும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு பூனையைத் திட்டினோம். மூன்றாம் நாள்தான் கதவை உடைத்தார்கள். பேய் உண்டு என்றால், அது அந்த வீட்டில் வாடகை ஒப்பந்தத்தின் வடிவத்தில்தான் இருந்தது.

ஜோடி வீடு பார்க்க வந்தது ஒரு சாயங்காலம். பையன், பெண், பையனின் அம்மா. தெருவில் உலவும் பேச்சு அவர்கள் காதிலும் விழுந்திருக்கும்போல. அதனால் வீட்டுக்காரர் என்னையும் கூப்பிட்டார். "சார், நீங்க எழுதுறவர். நீங்க கூட நின்னாலே ஒரு மரியாதை. பேசக்கூட வேண்டாம்." ரீடிங்காரர் வேலையிலிருந்து இன்னும் வரவில்லை. வீட்டுக்காரர் தன்னிடமிருந்த சாவியால் திறந்தார். சாமான்கள் கிடக்கும் லட்சணத்தைப் பார்த்ததும் முகம் மாறியது. "தனியா இருக்கிறவர், ஒழுங்கு தெரியாது" என்று சமாளித்தார்.

பையனின் அம்மா குழாயைத் திறந்து பார்த்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார், கடைசியில் மேடத்தைப் பார்த்தார். மேடம் சுவருக்கு முன்னால் தயாராக நின்றுகொண்டிருந்தது.

"அது ஏன் சுவத்தைப் பார்த்துட்டு நிக்குது?"

"வயசாயிடுச்சும்மா. வயசானவங்க அப்படித்தான், சும்மா ஒரு இடத்துல நிப்பாங்க" என்றார் வீட்டுக்காரர். அந்த அம்மாவுக்கும் வயதாகியிருந்ததால் பதில் எடுபடவில்லை.

அப்போது மேடம் வாலை ஆட்டத் தொடங்கியது. படியில் காலடிச் சத்தம் எங்களுக்குக் கேட்பதற்கு முன்னாலேயே அதற்குக் கேட்டிருக்கவேண்டும். வெறும் சுவரைப் பார்த்து, காதை மடக்கி, பின்பக்கம் முழுவதும் ஆட, சின்னதாக முனகியது. பெண் பையனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ரீடிங்காரர் உள்ளே வந்தார். கையில் செருப்பு. கூட்டத்தைப் பார்த்து ஒரு கணம் நின்றார். எனக்கு அவர் முகம் தெரிந்தது. வந்தவர்கள் யார், எதற்கு வந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்குப் புரிந்துவிட்டது. பேசாமல் கதவருகிலேயே நின்றிருந்தால் மரியாதையாகத்தான் இருந்திருக்கும். மேடம் காத்துக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் வழி விடுங்கம்மா" என்று சொல்லி, அந்த அம்மாவைத் தாண்டி, சுவரோரமாகவே நகர்ந்து போய், இடைவெளிக்குள் நுழைந்து, முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார்.

"மேடம், ரீடிங்."

நாய் அவர்மேல் ஏறிவிட்டது.

பிறகு அந்த அம்மா கேட்டார். "யாரை மேடம்னு கூப்பிட்டீங்க?"

"இவங்களைத்தாம்மா."

"அங்கே ஏன் போய் நின்னீங்க?"

"வாசல் இங்கதானே இருக்கு."

"எங்கே?"

"இங்கே இல்லம்மா. போன வீட்ல. அந்த வாசல்தான் இது."

"போன வீட்டு வாசல் இங்கே எப்படிப்பா வரும்?"

"நாங்க வரும்போது இவங்களோட வந்துடுச்சு" என்றார் ரீடிங்காரர். அதைவிடச் சரியாக அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

அந்த அம்மா பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "போன வீட்ல உங்களுக்கு முன்னாடி யார் இருந்தா?"

"ஒரு பெரியவர். அவரும் தவறிட்டார். அதனாலதான் எங்களுக்கு வீடு கிடைச்சது."

அதற்கு மேல் கேள்வி இல்லை. பையன் கண் தெரியாத நாய் என்று ஏதோ புரிந்துகொண்டு விளக்கத் தொடங்கினான். அம்மா அதற்குள் படியில் பாதி இறங்கியிருந்தார். இந்த வீட்டில் ஒரு சாவு என்று கேள்விப்பட்டு வந்தவருக்கு, இரண்டு என்று கையெழுத்துப் போடாத குறையாகத் தெரிந்துவிட்டது.

"நாடகமா போடுறீங்க?" என்று வீட்டுக்காரர் இரைந்தார்.

"உள்ளதைத்தான் சார் சொன்னேன்."

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"நானும் உள்ளதைச் சொல்லியிருந்தா இன்னும் மோசமாயிருக்கும்" என்றேன். அது உண்மை.

கலர் அட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "இருந்து தொலைங்க, அது இருக்கிறவரைக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். எப்போது போகும் என்று இந்த முறை கேட்கவில்லை. படியில் இறங்குகிறவர், சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டார். தண்ணீர்க் குழாயும் காற்றும்தான்.

வீடு நிலைத்தது. தெருவில் வதந்தி இப்போது நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறது. தையலக்கா அதற்கு நாள்தோறும் தீனி போடுகிறார். நான் மறுக்கவும் இல்லை, ஆமோதிக்கவும் இல்லை. மிச்சம் இருப்பது நான் கொடுக்கவேண்டிய அந்த ஒரு சாயங்காலம்.

அதற்கு ஒத்திகை பார்த்தோம். ரீடிங்காரர் தன் பையை என் இடது தோளில் மாட்டிவிட்டார். குதிகால் சுவரில் படவேண்டும், மூச்சு வாங்கக் கூடாது, 'ரீடிங்' என்பதைக் கடைசியில் கொஞ்சம் இழுக்கவேண்டும் என்றார். தானே வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டார், வாசனை வரக்கூடாது என்று. நான் சுவரோரமாகப் போய் நின்று, "மேடம், ரீடிங்" என்றேன்.

மேடம் வந்தது. பையை முகர்ந்தது. வால் ஒரு தடவை ஆடியது. பை தெரிந்த பை. பிறகு என் கையை முகர்ந்தது. வந்த விருந்தாளியைப் புண்படுத்தாமல் நகர்கிறவர்களைப்போல ஒரு பக்கமாக விலகி, என்னைத் தாண்டி எனக்குப் பின்னால் உள்ள சுவரைப் பார்த்து மறுபடி நின்றுகொண்டது. நான் அதன் வாசலை மறைத்துக்கொண்டிருந்தேன்.

படியிலிருந்து, "என்ன சார், ஏத்துக்கிட்டாங்களா?" என்று குரல் வந்தது.

அக்காவின் ஆபரேஷன் ஒருமுறை தள்ளிப் போடப்பட்டிருக்கிறது. போனில் அவள் இப்போது திட்டுவதில்லை, அதுதான் கஷ்டமாக இருக்கிறது என்கிறார் ரீடிங்காரர். பேச்சு முடிந்த பிறகும் இரண்டு பேரும் போனை வைக்காமல் இருப்பார்களாம். மாமாவின் தும்மல் மட்டும் கேட்குமாம்.

நான் வாரத்தில் சில சாயங்காலம் போய் நின்று பார்க்கிறேன். எங்கள் வீட்டுச் சுவரில் ஒருநாள் பழகிப் பார்த்தபோது, "சுவத்துக்கிட்ட பேசினா என்ன கிடைக்கும்னு இப்பவாவது தெரியுதா?" என்று என் மனைவி கேட்டாள். கதையை வாங்கி எழுதியும் ஆகிவிட்டது. கொடுக்கவேண்டிய சாயங்காலம் என் கையில்தான் இருக்கிறது. வாங்கிக்கொள்ள மேடம் இன்னும் சம்மதிக்கவில்லை.